காதைக் குடைய வேண்டாம், காட்டுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவுதான். படிக்கிற வயதில் பிள்ளைகள் இருப்பவர்களும், வயது போன உம்மா வாப்பாவை வீட்டில் வைத்திருப்பவர்களும் பொறுமையாகக் கடைசிவரை வாசியுங்கள்.

பல் வலித்தால் பல் டொக்டரிடம் போகிறோம். எழுத்துத் தெரியவில்லை என்றால் கண்ணாடி போடுகிறோம். காது அடைத்தால் மட்டும் கைக்கு எது கிடைக்கிறதோ அதுதான் வைத்தியம். கொட்டன் பட், நெருப்புக்குச்சி, கோழி இறகு, பேனை மூடி, மோட்டார் சைக்கிள் சாவி. நம் பெண்கள் ஸ்காஃபில் குத்தியிருக்கும் பின்னையே கழற்றிக் காதுக்குள் விடுகிறார்கள். இப்போது புதிதாக, ஒன்லைனில் வாங்கும் கமெரா பூட்டிய கருவியும் வந்திருக்கிறது. போன் திரையைப் பார்த்துக்கொண்டே பிள்ளையின் காதுக்குள் கரண்டியை விடுகிறார்கள். பிள்ளை ஒரு முறை தலையை அசைத்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். குறும்பி அடைத்துக்கொண்டால் அதை எடுப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை. அது சின்ன வேலை, சில நிமிடத்தில் முடிகிற வேலை. ஆனால் அங்கே என்ன நடக்கும் என்று முன்கூட்டித் தெரியாததால் நம் ஆட்கள் போவதில்லை. போனாலும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அப்படிப் பாதியில் விட்டதற்கு விலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளும் வயதானவர்களும்தான்.

வகுப்பறையில் தெரிவது

சில பிள்ளைகள் கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து ஒரு பிழையும் இல்லாமல் எழுதும். சொல்வதெழுதல் கொடுத்தால் பாதி பிழையாக வரும். ‘தட்டு’ என்று சொன்னால் ‘தப்பு’ என்று எழுதும். கேள்வி கேட்டால் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்க்கும். பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பாது, முன்னால் வந்து கூப்பிட்டால் உடனே எழுந்து நிற்கும். இப்படியான பிள்ளைக்குப் பாடசாலையில் கிடைக்கிற பெயர் ‘கவனமில்லாதது’. குர்ஆன் மத்ரஸாவில் கிடைக்கிற பெயர் இன்னும் மோசம். ஸீன், ஸாத், ஸா மூன்றும் ஒரே மாதிரிக் கேட்கிற காதை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை எப்படி மக்ரஜைச் சரியாகச் சொல்லும்?

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்த ஒரு விடயம் இப்போதும் நினைவில் இருக்கிறது. ஒரு பிள்ளை படிக்கவில்லை என்று முடிவு செய்ய முதல், அதற்குக் கண் தெரிகிறதா, காது கேட்கிறதா என்று பார். இதற்குப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை.

ஒரு தாய் வந்து என்னிடம் முறைப்பட்டார். “என்ன சொன்னாலும் கேக்கிறானே இல்ல டீச்சர், வாப்பாட அடிக்கும் பயமில்ல.” பையனுக்கு உண்மையில் கேட்கவில்லைதான். இரண்டு காதும் குறும்பியால் அடைத்திருந்தன. மருந்து விட்டு, இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கழுவிய பிறகு வகுப்புக்கு வந்தவன் மேலே பார்த்துக்கொண்டு சொன்னான், “டீச்சர், இந்த ஃபேன் இவ்வளவு சத்தமா?” அதுவரை அவன் வாங்கிய அடிகளுக்கு யார் பதில் சொல்வது?

கவனம் குறைந்த எல்லாப் பிள்ளைக்கும் காதில்தான் பிரச்சினை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இது அபூர்வமான விடயமும் இல்லை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை வைத்தியர்களின் சங்கம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டலில், பிள்ளைகளில் 10 பேருக்கு ஒருவர், பெரியவர்களில் 20 பேருக்கு ஒருவர், முதியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானவர்கள் இந்த அடைப்போடு இருப்பதாகச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கை நம் வகுப்பறைக்குப் போட்டுப் பாருங்கள். 40 பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் நாலு பேர்.

வீட்டில் இருக்கும் பெரியவர்கள் கதையும் இதுதான். “வயசு போனா காது கேக்காதுதான்” என்று விட்டுவிடுகிறோம். ஜும்ஆவில் பயான் விளங்காமல் உட்கார்ந்துவிட்டு வருகிறார். வீட்டில் எல்லோரும் கதைத்துச் சிரிக்கும்போது என்னவென்று கேட்கிறார், “ஒன்றுமில்ல” என்கிறோம். மெல்ல மெல்ல அவர் கேட்பதையே நிறுத்திவிடுகிறார். வயதினால் வரும் செவிட்டுத் தன்மை வேறு, குறும்பி அடைப்பு வேறு. இரண்டாவதை ஒரே நாளில்கூடச் சரிசெய்யலாம். எது என்று பார்க்காமலே தீர்ப்பு எழுதுவது அநியாயம்.

குறும்பி என்பது ஊத்தை இல்லை

காதுத் துவாரம் பெரியவர்களுக்குச் சுமார் இரண்டரை சென்றிமீற்றர் நீளம். அதன் வெளிப்பக்கத்தில் உள்ள சுரப்பிகள்தான் குறும்பியை உண்டாக்குகின்றன. அது தூசியைப் பிடிக்கிறது, தோல் காய்ந்து போகாமல் பார்க்கிறது, கிருமி வளர்வதைக் குறைக்கிறது. செவிப்பறையிலிருந்து வெளிப்பக்கமாகத் தோல் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதோடு சேர்ந்து குறும்பியும் வெளியே வருகிறது. சாப்பிடும்போதும் கதைக்கும்போதும் தாடை அசைவது அதற்கு உதவி. அல்லாஹ் வைத்த ஏற்பாடு அது.

கொட்டன் பட்டை விடும்போது கொஞ்சம் பஞ்சில் ஒட்டி வருகிறது. மிச்சத்தை நாமே உள்ளே தள்ளி, செவிப்பறைக்குப் பக்கத்தில் கட்டியாக்கி வைக்கிறோம். உள்ளே இருப்பது தானாக வெளியே வர வழியில்லை. காது கேட்கும் கருவி போடுபவர்களுக்கும், நாள் முழுதும் இயர்போன் போட்டிருக்கும் இளைஞர்களுக்கும் இதே மாதிரி அடைப்பு வரலாம்.

“அப்ப சுத்தம் வேண்டாமா?” என்று கேட்பீர்கள். வுழூ செய்யும்போது ஈர விரலால் காதின் உள்ளும் புறமும் மஸஹ் செய்கிறோம். விரல் போகும் இடம்வரை சுத்தம் செய்தால் போதும். அதற்கு உள்ளே நம் வேலை இல்லை. அடைப்போ கேட்கும் குறையோ இல்லாத காதில் குறும்பி இருந்தால் அதை எடுக்கவே தேவையில்லை.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்?

முதலில் சில கேள்விகள் கேட்பார்கள். இதற்கு உண்மையைச் சொல்லுங்கள். சின்ன வயதில் காதில் சீழ் வடிந்ததா? செவிப்பறையில் ஓட்டை இருப்பதாக யாராவது சொன்னார்களா? காதில் ஒபரேஷன் செய்ததா? சீனி வருத்தம் இருக்கிறதா? இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடுகிறீர்களா? ஒரு காதுதான் கேட்குமா? அவர்கள் கேட்க மறந்தாலும் நீங்களாகச் சொல்லுங்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் தண்ணீர் அடிக்கக் கூடாது. சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் காதில் புண்பட்டால் கிருமி எலும்புவரை போகக்கூடும். எந்த முறையில் எடுப்பது என்பதை இந்தப் பதில்களை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

பிறகு காது மடலை இழுத்துப் பிடித்து, லைட் உள்ள கருவியால் பார்ப்பார்கள். பெரியவர்களுக்கு மடலை மேலும் பின்னும் இழுப்பார்கள், சின்னப் பிள்ளைகளுக்குக் கீழ்ப்பக்கமாக. வலி இருக்காது.

அடுத்ததுதான் நம் ஆட்கள் குழம்பும் இடம். குறும்பி கல்லாக இறுகியிருந்தால் அன்றைக்கே எடுக்க மாட்டார்கள். இளக வைக்க ஒரு மருந்து எழுதித் தந்து, சில நாட்கள் விட்டுவிட்டு வரச் சொல்வார்கள். “பார்க்கவே இல்லை, ஒரு போத்தலைத் தந்து அனுப்பிட்டாங்க” என்று கோபத்தோடு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் செய்தது சரியான வைத்தியம். இறுகிய கட்டியை இழுத்தால் தோல் உரிந்து இரத்தம் வரும். இளகினால் சுலபமாக வந்துவிடும்.

மருந்து விடுவது இப்படி. போத்தலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்து குளிரைப் போக்குங்கள். பக்கவாட்டில் படுத்து, எழுதித் தந்த துளிகளை விட்டு, ஐந்து பத்து நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். உடனே எழுந்து பஞ்சால் துடைத்தால் மருந்து வெளியே வந்துவிடும். இன்னொரு விடயம், மருந்து விட்டதும் காது முன்பைவிட அடைப்பது போல இருக்கலாம். குறும்பி ஊறி உப்புவதால்தான் அது. “மருந்து விட்டுக் காது பழுதாப் போச்சு” என்று போத்தலைத் தூக்கி வீசாதீர்கள். சொன்ன நாட்கள் வரை விடுங்கள். வலி எடுத்தாலோ சீழ் வந்தாலோ மட்டும் நிறுத்திவிட்டுப் போய்க் காட்டுங்கள்.

திரும்பப் போகும் நாளில் மூன்று முறைகளில் ஒன்றைச் செய்வார்கள்.

முதலாவது, தண்ணீரால் கழுவுவது. தோளில் துவாயைப் போட்டு, காதுக்குக் கீழே ஒரு பாத்திரத்தைப் பிடிக்கச் சொல்வார்கள். உடல் சூட்டில், அதாவது 37 பாகை அளவில் இருக்கும் தண்ணீரை மெதுவாகக் காதுக்குள் அடிப்பார்கள். நேரே செவிப்பறையில் படாமல் துவாரத்தின் சுவரில் படும்படிதான் அடிப்பார்கள். உள்ளே கடல் இரைவது போல ஒரு சத்தம் கேட்கும். தண்ணீர் குளிராகவோ சூடாகவோ இருந்தால் தலை சுற்றும். அப்படி வந்தால் உடனே சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். வலித்தாலும் சொல்ல வேண்டும். கழுவும்போது வலி வரக் கூடாது.

இரண்டாவது, உறிஞ்சி எடுப்பது. பெரும்பாலும் காது மூக்கு தொண்டைப் பிரிவில் செய்வார்கள். வைத்தியர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே மெல்லிய குழாயால் உறிஞ்சுவார். சத்தம் பெரிதாக இருக்கும், பிள்ளைகள் அதற்குத்தான் பயப்படுவார்கள். “காதுக்குள் ஒரு குட்டி மெஷின் சத்தம் போடும், நீ அசையாமல் இருந்தால் சீக்கிரம் முடியும்” என்று வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள். தண்ணீர் தேவைப்படாததால் செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களுக்கு இது பொருத்தம்.

மூன்றாவது, சிறு கொக்கி, வளையம் போன்ற கருவிகளால் எடுப்பது. காதுக்குள் கருவி படும்போது சிலருக்கு இருமல் வரும். அங்கே வரும் நரம்பு தொண்டைப் பக்கம் போகும் நரம்பின் கிளை என்பதால் அது இயல்பு. முன்கூட்டி ஒரு கையை உயர்த்தினால் அவர்கள் கருவியை எடுத்துவிடுவார்கள்.

“அவர்களும் கம்பியைத்தானே விடுகிறார்கள், நாங்கள் செய்தால் என்ன?” என்று ஒருவர் கேட்டார். அவர்கள் உள்ளே பார்த்துக்கொண்டு செய்கிறார்கள், நாம் குருட்டுக் கையால் செய்கிறோம். செவிப்பறை தாளைப் போல மெல்லியது.

முடிந்த பிறகு சத்தங்கள் திடீரென்று பெரிதாகக் கேட்கும். கொஞ்ச நேரம் தலை சுற்றலாம், ஆகவே உடனே மோட்டார் சைக்கிளை எடுக்காமல் சற்று உட்கார்ந்துவிட்டு வாருங்கள். சில நாட்கள் காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடலுக்கும் குளத்துக்கும் குளிக்கப் போவதைத் தள்ளிப் போடுங்கள். ஒரே தடவையில் முழுதும் வராவிட்டால் இன்னொரு நாள் தருவார்கள். அந்த நாளைத் தவற விடாதீர்கள்.

மிக முக்கியம்: குறும்பி எடுத்த பிறகும் கேட்கவில்லை என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். கேட்டல் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருக்கலாம். அது வெளியே இருந்து கழுவினால் போகாது.

இவற்றைச் செய்ய வேண்டாம்

உள்ளிப்பல் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைச் சூடாகக் காதில் ஊற்றாதீர்கள். காதுக்குள் மெழுகுத் திரி கொளுத்தி அழுக்கை இழுப்பதாக வீடியோக்கள் வருகின்றன. திரியில் தெரிவது எரிந்த மெழுகுதான், காதிலிருந்து எதுவும் வருவதில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2010லேயே இதற்கு எதிராக எச்சரித்திருக்கிறது. பிள்ளை காதுக்குள் கடலை, பயறு போட்டுக்கொண்டால் தண்ணீர் விடாதீர்கள், ஊறிப் பெருக்கும். விளையாட்டுச் சாமானில் இருக்கும் பொத்தான் பற்றரி போய்விட்டால் அது அவசரம். எதையும் காதில் விடாமல் அந்த மணித்தியாலமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நன்றாகக் கேட்ட காது திடீரென்று ஒரே நாளில் கேட்காமல் போனாலும் குறும்பிதான் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். அது நரம்பு சம்பந்தமாக இருந்தால் வைத்தியம் பிந்தப் பிந்தப் பலன் குறையும்.

நாம் சொல்லும் காரணங்கள்

“ஒரு காதுக்காக நாள் முழுக்க லைனில் நிற்க ஏலாது.” நியாயமான பேச்சு. கூலி வேலை செய்பவருக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போகிறது. இதற்கு இரண்டு தரம் போக வேண்டிவரும் என்று முன்கூட்டித் தெரிந்தால், வேலை குறைந்த நாளைப் பார்த்துப் போகலாம். அரச ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு எடுப்பதில்லை. சனல் பண்ணிக் காட்டுவதென்றால் கழுவுவதற்குத் தனியாக எவ்வளவு என்று முதலே கேளுங்கள்.

“ஆம்பிளை டொக்டராக இருப்பார்.” நம் பெண்கள் பலர் வருடக்கணக்காகக் காது அடைத்துக்கொண்டு இருப்பதற்கு இதுதான் காரணம். ஸ்காஃபை முழுதாகக் கழற்றத் தேவையில்லை. அந்தக் காதுப் பக்கத்தை ஒதுக்கினால் போதும். கூடவே ஒரு பெண்ணை வைத்துக்கொள்ளலாம், பெண் வைத்தியரோ தாதியோ இருக்கிறாரா என்றும் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை. தண்ணீரில் நனையும் என்பதால் இன்னொரு ஸ்காஃபைப் பையில் போட்டுக் கொண்டு போங்கள். பின்னைக் குறைத்துக் குத்துங்கள்.

“அவங்க சிங்களத்தில் சொன்னது விளங்கல்ல.” இது நம்முடைய குறை மட்டும் இல்லை. மருந்தைக் கையில் கொடுக்கும்போது எத்தனை துளி, எத்தனை நாள், திரும்ப எப்போது என்பதை நோயாளிக்கு விளங்கும் மொழியில் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் இல்லாததால்தான் எத்தனையோ பேர் திரும்பப் போவதில்லை. சுகாதாரத் துறையில் வேலை செய்யும் நம் சகோதர சகோதரிகள் இதைக் கவனத்தில் எடுக்க வேண்டும். அதுவரை, இரண்டு மொழியும் தெரிந்த ஒரு பிள்ளையைக் கூட அனுப்புங்கள், எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

“நோன்பில் காதுக்கு மருந்து விடலாமா?” இதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது, உங்கள் மௌலவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவசரமில்லாத குறும்பி மருந்தை நோன்பு திறந்த பிறகு விடலாம். வலியும் சீழும் இருந்தால் ரமழான் முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள்.

பாடசாலைக்கு எம்ஓஎச் அலுவலகத்திலிருந்து வந்து தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளைப் பரிசோதிக்கிறார்கள். அந்த நாளில் பிள்ளையை வீட்டில் மறிக்காதீர்கள். காதில் சந்தேகம் என்றால் வகுப்பாசிரியருக்கு முதலே சொல்லி அனுப்புங்கள். சக ஆசிரியர்களுக்கும் மத்ரஸா உஸ்தாத்மாருக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளைக்குக் கை ஓங்க முதல், அதன் பின்னால் நின்று மெதுவான குரலில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். திரும்பவில்லை என்றால் பெற்றோரைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

பெற்றோர் குழுக்களில் இதைப் பகிர்ந்துகொள்ளுங்கள். வாசிக்க ஏலாத பெரியவர்களுக்கு, கொஞ்சம் சத்தமாக, வாசித்துக் காட்டுங்கள். நம் பிள்ளைகளின் கேள்வியிலும் பார்வையிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.